கதிரையில் தொங்கும் சின்ன நிழல்

நேற்று உம்முடைய மகள் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு வந்து, உம்முடைய கறுப்புக் குடையை என் கையில் தந்தாள். உம்முடைய முப்பத்தோராம் நாள் திருப்பலி முடிந்து வீட்டை ஒதுக்கும்போது எடுத்து வைத்ததாம். விரித்துப் பார்த்தேன். துருவும் ஈரத்துணியும் கலந்த மணம். பிடியில் உம்முடைய கையால் சுற்றிய நீல நூல்கூட அவிழவில்லை. அதை மறுபடி மடக்கத்தான் எனக்குத் தெம்பில்லை.

எங்கள் மொழிபெயர்ப்புப் பிரிவில் குடைக்கு இருந்த உத்தியோகத்தை வெளியாருக்குச் சொன்னால் சிரிப்பார்கள். உட்காரும் கதிரையின் முதுகில் குடை தொங்கினால் ஆள் கந்தோரில் வேலையில் இருக்கிறார் என்று அர்த்தம். அம்மா படுக்கையில் விழுந்த பிறகு, மத்தியானத்தில் அவவுக்குச் சோறு தீத்திவிட நான் பஸ் பிடித்து ஓடிய நாட்களிலெல்லாம் என் குடை கதிரையில்தான் இருந்தது. பிரிவுத் தலைவர் வந்து கேட்டால் நீர் தலை நிமிராமலே சொல்வீராம்: "குடை இருக்குத்தானே சேர். ஆள் இங்கதான் எங்கையோ நிக்கிறா."

ஒருநாள் திரும்பும்போது நல்ல மழை. தொப்பலாக நனைந்து வந்து நின்றேன். நீர் அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தீர். வேலை அலுத்தால் உமக்கு அதுதான் பொழுதுபோக்கு.

"அம்பிரெல்லா எண்டா என்ன தெரியுமோ? இங்கிலீசுக்கு இத்தாலிப் பக்கத்தால வந்த சொல்லாம். அடி லத்தீன். நிழல் எண்ட சொல்லில இருந்து பிறந்தது, சின்ன நிழல் எண்டு கருத்து. வெயிலுக்கு வந்த சாமான். மழை நாட்டுக்குப் போனாப் பிறகுதான் மழைக்குப் பிடிச்சிருக்கினம்." பிறகு என் கதிரையைக் காட்டினீர். "உம்மட நிழல் ஒழுங்கா வேலை செய்யுது. நீர் நனைஞ்சா என்ன?"

ஈரச் சேலையோடு நின்று சிரித்தேன். அப்படி என்னைச் சிரிக்க வைக்க இப்போது ஒருவருமில்லை.

நீர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு தடவை. கிளினிக்குக்குப் போக வேண்டும், குடை இருக்கும், பார்த்துக்கொள்ளும் என்றீர். முதல்நாள் இரவு அம்மா என்னைக் கண்மூட விடவில்லை. தலைவர் வந்து கேட்டார். "அவ வெளியில போயிட்டா சேர்," என்று சொல்லிவிட்டேன். என்ன சொன்னேன் என்பது எனக்கு உறைக்குமுன் அவர் போய்விட்டார்.

உமக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அதன்பின் நீர் வேலை நேரத்தில் வாசலைத் தாண்டவில்லை, கிளினிக் தவணைகளையும் விட்டுவிட்டீர். மறுபடி டொக்டரிடம் போனபோது நோய் முற்றியிருந்தது. நான்தான் சொன்னேன் என்று உம்மிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே இருந்து தோடம்பழம் உரித்ததுதான் நான் செய்தது.

நேற்று குடையை வாங்கிய கையோடு மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் செருப்பைப் போட்டபடியே, "அம்மாவுக்கு அண்டைக்கே தெரியும் அன்ரி," என்றாள். "பாவம், அவ நித்திரை இல்லாமல் வந்தவ, வாய் தவறிப்போச்சு எண்டுதான் எங்களுக்குச் சொன்னவ."

நீர் ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அதற்கும் எனக்காக ஒரு சாட்டுச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர். இந்த வயதில் இதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

இன்று காலை குடையை மடக்கிக் கந்தோருக்குக் கொண்டுபோய் உம்முடைய வெறும் கதிரையில் மாட்டினேன். பத்து மணிபோல் தலைவர் வந்தார், அதே மனிதர்தான். "இது ஆரின்ர குடை? இந்தக் கதிரைக்கு ஆள் இல்லையே," என்றார்.

நான் தலை நிமிரவில்லை.

"குடை இருக்குத்தானே சேர். ஆள் இங்கதான் எங்கையோ நிக்கிறா."

அவர் தன் அறைக்குத் திரும்பினார். பின்னேரம் மழை பிடித்துக்கொண்டது. உம்முடைய குடையைக் கதிரையிலிருந்து எடுக்கவில்லை. நனைந்துகொண்டே பஸ்ஸுக்கு நடந்தேன். தலை இன்னும் காயவில்லை.