வெள்ளையாய் விட்ட வரி

ஜூன் 7, ஞாயிறு
குளிர். குசினிக் கதிரையில். "குளிர்" என்று நானே எழுதிவிட்டேன்! இந்த வயதில். மனைவி பிலோமினா எட்டிப் பார்த்தாள். "மனுசன் சோதினை எழுதுறார்." தேத்தண்ணி வைத்துவிட்டுப் போனாள்.

ஜூன் 9, செவ்வாய்
எழுத்து வகுப்பு. பாடம்: அமெரிக்கப் பத்திரிகைகள். முந்தி, ஆளுநரைக் குறைசொல்லி அச்சடித்தவனை மறியலில் அடைத்தார்களாம். அச்சடித்தது உண்மை என்று ஜூரிமார் விட்டுவிட்டார்களாம். பிறகு, பத்திரிகையின் வாயை அடைக்கச் சட்டம் போடக்கூடாது என்றே நாட்டுச் சட்டத்தில் எழுதினார்களாம்.
"அச்சடிக்க முன்னம் ஒருதரிட்டயும் கேக்கத் தேவையில்லையோ, பிள்ளை?"
"இல்லை அங்கிள். சனம்தான் ஆளுறதெண்டா, நடந்தது சனத்துக்குத் தெரியவேணுமெல்லோ," என்றாள் சுகன்யா ரீச்சர்.
ஊரில் சண்டைக்காலம், தணிக்கை வெட்டிய இடம் பேப்பரில் வெள்ளையாய்க் கிடக்கும். எழுத்துத் தெரியாத நான் வாசித்தது அதை மட்டும்தான். தம்பி சூசை காணாமல் போன வாரம் பேப்பரில் பெரிய வெள்ளை. ஆள் படுத்திருப்பது போல.

ஜூன் 12, வெள்ளி
மழை. இங்கே பென்டில் ஹில் தமிழ்க் கடையில் சும்மா கிடைக்கும் தமிழ்ப் பேப்பருக்கு எழுதினேன். "என் தம்பி சூசை. மன்னார். மீன் வாங்கப் போனவன். சீருடைக்காரர் ஏற்றிக்கொண்டு போனார்கள். இன்னும் வரவில்லை."
பிலோமினா திரைச்சீலையை இழுத்து மூடினாள். "அங்க அவன்ர பெஞ்சாதி இருக்கிறாளப்பா."
சூசையின் மனைவிக்கே போன் எடுத்து, போடட்டோ என்று கேட்டேன். "பேரோட போடுங்கோ அத்தான்."

ஜூன் 20, சனி
பேப்பர் வந்தது. என் எழுத்து அச்சில்! ஆனால் சீருடைக்காரர் வரி இல்லை. அந்த இடம் வெள்ளை.
பேப்பர் நடத்தும் பொடியனுக்குப் போன்.
"ஒருதரும் வெட்டச் சொல்லேல்லை அங்கிள். அச்சுக்குப் போகேக்க நான்தான் எடுத்தனான். எனக்கும் ஊரில சனம் இருக்கு."
இங்கே வெட்டும்படி ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமலே வெட்டு.
கடைக்குப் போனேன். கட்டின் மேலிருந்த பேப்பரில், வெள்ளைக்குள், அந்த வரியைப் பேனாவால் எழுதினேன். அடுத்ததிலும். மெதுவாய், வடிவாய்.
"என்ன அங்கிள், அச்சுப் பிழை திருத்துறியளோ?" கடைக்காரர்.
"ஓம் தம்பி."
விரல் நோகும்வரை. சந்தோஷம்!! மிச்சம் நாளைக்கு.

ஜூன் 21, ஞாயிறு
பூசை முடிந்து கடை. கடைக்காரர் அப்போதுதான் திறந்தார். மிச்சப் பேப்பரை விரித்தேன். வெள்ளையில் ஏற்கெனவே எழுத்து. என் கை இல்லை. எழுத்துக்கூட்டினேன். "என் மகள் றீற்றா. ரியூசனுக்குப் போனவள்." அடுத்ததில் வேறு மை, வேறு பெயர். அடுத்ததிலும்.
"ஆர் வந்தது தம்பி?"
"ஒருதரும் வரேல்லையே அங்கிள். ராத்திரி பூட்டினது, இப்பதான் திறக்கிறன்."
வெள்ளை எங்கும் மிச்சமில்லை. கட்டின் அடியில் கடைசிப் பேப்பர், அதிலும் ஒரு பெயர். மை காயவில்லை, விரலில் ஒட்டியது. இதை எழுதும்போதும் போகவில்லை