வலது காலுக்குத் தெரியாத பிரேக்

குருவியக்கா,

உன் காரிலிருந்து கழற்றிய கைப்பிடியை கார் பட்டறை மிஸ்திரி ஒரு பழைய துணியில் சுற்றிக் கொடுத்தார். வீட்டில் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கிரைண்டருக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கிறேன். இன்று காலையில் உளுந்து எடுக்கக் குனிந்தபோது துணி விலகிக் கிடந்தது. நீ பிடித்துப் பிடித்து ரப்பர் ஒரு பக்கம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. கிரீஸ் வாசனையும் புளித்த மாவு வாசனையும் கலந்து வந்தது. உன் உள்ளங்கையில் எப்போதும் இருக்கும் வாசனை. அழுகை வரும் என்று நினைத்தேன். வெட்கம்தான் வந்தது. துணியை இழுத்து மூடிவிட்டு, உளுந்தை ஊறப் போட்டுவிட்டு, இதை எழுத உட்கார்ந்தேன்.

ஐந்தாம் கிளாஸோடு நின்றவள் எழுதுகிறேன். பிழை இருக்கும். நீ இருந்தால் வாசித்துக் காட்டச் சொல்லிச் சிரிப்பாய்.

நீ போன பிறகு கார் நம் சந்து முனையில் தார்ப்பாய்க்குள் நின்றது. மழை முழுக்க அங்கேதான். ஒரு பூனை அதன் மேலேயே குடித்தனம் வைத்துவிட்டது. மாவு வியாபாரம் மட்டும் நிற்கவில்லை. மாட்டுங்கா கேன்டீன்காரரும் செம்பூர் மெஸ்காரரும், "உங்க அக்கா இல்லன்னா என்னம்மா, மாவு அதே மாவுதானே" என்றார்கள். மாவு அதே மாவுதான். கொண்டுபோகத்தான் ஆள் இல்லை.

என் மகன் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்: "அம்மா, பெரியம்மா காடிய பங்கார்ல போட்டுருவோம். பழைய இரும்புக்குத்தான் போவும். டப்பாவ ஆட்டோல அனுப்பிக்கலாம்."

"மாட்டுங்காவுக்குள்ள எந்த ஆட்டோ வருது? சயனுக்கு அங்கிட்டு ஆட்டோவ விடுவானா?"

"அப்ப டாக்சி."

"டாக்சிக்காரன் மாவு டப்பாவப் பாத்தாலே, மாநகராட்சி குப்பை லாரிய கூப்பிடுங்கங்கான்."

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அந்தக் காரைப் பழைய இரும்புக்குப் போட்டால் உன்னை இன்னொரு தடவை தூக்கிக்கொண்டு போகிற மாதிரி இருக்கும் என்று அவனிடம் எப்படிச் சொல்வது? காரை நானே ஓட்டுகிறேன், என் பேருக்கு மாற்றிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

செம்பூரில் ஒரு ஆர்.டி.ஓ. ஏஜென்ட் இருக்கிறார். நம் ஊர்ப்பக்கத்து ஆள். அவரிடம் போனேன். ஆர்.சி. புக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டு என் காலைப் பார்த்தார்.

"ஆன்ட்டி, ரெண்டு காலும் நல்லா இருக்கிறவங்க பேருக்கு இந்த வண்டி இப்படியே வராது. உடம்பு முடியாதவங்களுக்காக மாத்துன வண்டின்னு புக்குல எழுதியிருக்கு பாருங்க. கையால பிரேக் பிடிக்கிற அந்தக் கைப்பிடிய எடுக்கணும். பெடல் மேல தகடு அடிச்சிருப்பாங்களே, அதையும் எடுக்கணும். கம்பெனிக்காரன் குடுத்த மாதிரி ஆக்கி ஆர்.டி.ஓ. மைதானத்துல கொண்டு காட்டணும். இன்ஸ்பெக்டர் பாத்து எழுதுனப்புறம்தான் பேரு மாறும். அதுக்கப்புறம்தான் இன்சூரன்ஸ்."

"இன்சூரன்ஸ்தான் இருக்கே. அக்கா கட்டிட்டுத்தானே போயிருக்கா."

"கட்டுன அக்கா இருக்காங்களா? நாளைக்கு நீங்க ரோட்டுல ஒரு ஆள இடிச்சா அவன் கேப்பான்: வண்டி யாருது, ஓட்டுனது யாரு, புக்குல இருக்கிற மாதிரிதான் வண்டி இருக்கா? ஒண்ணு தப்புன்னாலும் கைய விரிச்சிருவான் ஆன்ட்டி."

நீ சொன்னதையே அவரும் சொன்னதால் நான் வாயை மூடிக்கொண்டேன். லேபர் கேம்ப் மிஸ்திரி உனக்குக் கைப்பிடி மாட்டிக் கொடுத்த அன்று, "இத எதுக்கு ஆர்.டி.ஓ.ல போயிக் காட்டிக்கிட்டு? உள்ள எட்டி எவன் பாக்கப் போறான், ஓட்டிட்டுப் போங்க" என்றார். நீ விடவில்லை. "இடிச்சிட்டா அன்னைக்கு எல்லாவனும் எங்காலத்தான பாப்பாவ? அதுக்கு இப்பவே பாக்கட்டும்" என்றாய். மிஸ்திரி இன்னும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அன்றைக்கு மைதானத்தில் நடந்தது உனக்கு நினைவிருக்கும். அந்தப் பெரிய மீசைக்கார இன்ஸ்பெக்டர் உன்னை நடக்கச் சொன்னார். போலியோவில் சூம்பிய வலது காலை இழுத்துக்கொண்டு தத்தித் தத்தி நடந்தாய். அந்த நடையைப் பார்த்துத்தான் அப்பா உனக்குக் குருவி என்று பேர் வைத்தார். வெளியாள் யாராவது அப்படிக் கூப்பிட்டால் முதலில் முறைப்பாய், பிறகு நீயே சிரித்துவிடுவாய். அன்று வரிசையில் நின்ற லாரிக்காரன், டெம்போக்காரன், ஏஜென்ட் எல்லாரும் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் காலில் போட்டிருந்த இரும்புப் பட்டையைக் காட்டச் சொன்னார். முட்டி வரைக்கும் சேலையைத் தூக்கிக் காட்டிவிட்டு, இந்தியிலேயே கேட்டாய்: "இது போதுமா சாப், கழட்டி டேபிள் மேல வைக்கணுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். மீசைக்காரரும் சிரித்துவிட்டார். பிறகு உன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து ஓட்டச் சொன்னார். நடு மைதானத்தில் திடீரென்று "ரோக்கோ!" என்று கத்தினார். நீ இடது கையால் கைப்பிடியை முன்னால் தள்ளினாய். கார் ஆணி அடித்த மாதிரி நின்றது. அவர் சட்டைப்பையில் இருந்த பேனா கண்ணாடியில் போய் மோதி விழுந்தது.

"நின்னுச்சா சாப்?" என்றாய்.

அதையெல்லாம் நான் ஒரு டெம்போவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். நீ சேலையைத் தூக்கியபோதே நான் நகர்ந்துவிட்டேன். திரும்பி வந்து, "எங்கட்டி போன?" என்று கேட்டாய். தண்ணீர் குடிக்கப் போனேன் என்றேன். உன் தண்ணீர் பாட்டில் என் கையிலேயே இருந்தது. மூடி திறக்காமல், முழுசாக. நீ அதைப் பார்த்தாய். வாங்கிக் குடித்தாய்.

பிறகு என்னையும் டிரைவிங் ஸ்கூலில் சேர்த்து லைசென்ஸ் எடுக்க வைத்தாய். எடுத்த பிறகு நான் ஓட்டியது உன் காரை மட்டும்தான். உனக்குக் காய்ச்சல் வரும் நாட்களில், கை வலிக்கும் நாட்களில். கிளச்சுக்கு இடது கால். வலது காலுக்கு அந்தக் காரில் வேலையே கிடையாது. உன் கால் வழுக்கி உள்ளே போய்விடக் கூடாது என்று அந்தப் பக்கத்துப் பெடல் இரண்டையும் தகடு போட்டு மறைத்திருந்ததே. கைப்பிடியை இழுத்தால் வேகம், தள்ளினால் பிரேக். "வலது கால மடக்கி வச்சிட்டு சும்மா இரு. இது என் வண்டி, என்ன மாதிரித்தான் ஓட்டணும்" என்பாய். கை பழகிவிட்டது. காலுக்கு மறந்தேபோனது.

மிஸ்திரி கைப்பிடியைக் கழற்றிய அன்று நான் பக்கத்திலேயே நின்றேன். நட்டு துருப்பிடித்துப் போயிருந்தது. எண்ணெய் விட்டு விட்டுத் திருப்பினார். தகட்டைப் பெயர்த்ததும் கீழே இரண்டு பெடலும் தெரிந்தன. அக்கா, அவை கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தன. ரப்பரில் ஒரு கோடு கூடத் தேயவில்லை. இத்தனை மழை, இத்தனை மாவு, இத்தனை தூரம் ஓடிய காரில் அந்த இரண்டு பெடலை மட்டும் யாரும் தொட்டதே இல்லை.

"நாலு நாள் ஓட்டிப் பழகிட்டு மைதானத்துக்குப் போங்கக்கா" என்றார் மிஸ்திரி.

"லைசென்ஸ் இருக்குல்லா" என்றேன். திமிர்தான்.

அதே மைதானம். இன்ஸ்பெக்டர் மட்டும் வேறு ஆள், சின்ன வயசு. கைப்பிடி இருந்த இடத்தில் திருகாணி ஓட்டைகளைக் குனிந்து பார்த்தார். காகிதங்களை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். "சலோ மாவ்ஷி" என்றார், புறப்படுங்க சித்தி என்கிற மாதிரி. ஓட்டினேன். மெதுவாக நன்றாகத்தான் போனது. பாதி மைதானம் தாண்டியதும் அவரும் "ரோக்கோ!" என்றார்.

என் இடது கை முன்னால் போய்க் காற்றைத் தள்ளியது.

மறுபடியும் தள்ளியது. அங்கே ஒன்றும் இல்லை. வலது கால் சும்மா இருந்தது. அதற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லையே. எல்லைக்காக வைத்திருந்த மணல் டிரம்மில் கார் போய் முட்டி நின்றது. டிரம் சாய்ந்து மணல் கொட்டியது.

மைதானம் முழுக்கச் சிரிப்பு. ஒருவன் இந்தியில் கத்தினான்: "மாவ்ஷி, பிரேக் கீழ இருக்கு, காத்துல இல்ல!" இன்னொருவன், "இட்லி மாவு தள்ளுன கை, விடுங்கப்பா" என்று தமிழிலேயே சொன்னான். காருக்குள் அடித்த வாசனை அவன் வரைக்கும் போயிருக்க வேண்டும். நாலைந்து பேர் ஜன்னல் பக்கம் வந்து குனிந்து பார்த்தார்கள்.

இன்ஸ்பெக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என் இடது கையைப் பார்த்தார். அது இன்னும் முன்னாலேயே நீட்டிக்கொண்டிருந்தது. "இதில் கையால் பிடிக்கிற பிரேக் இருந்ததே, யார் ஓட்டினது மாவ்ஷி?" என்று மெதுவாகக் கேட்டார்.

ஜன்னலில் அத்தனை முகம்.

"தெரியாது சாப். வாங்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு."

சொல்லிவிட்டேன் அக்கா. யோசிக்கவே இல்லை. கை காற்றைத் தள்ளிய மாதிரியே வாயும் தானாகச் சொல்லிவிட்டது.

அவர் மடியில் இருந்த காகிதத்தைப் பார்த்தார். அதில் உன் பேர் இருக்கிறது. இறந்தவர் என்று இருக்கிறது. அதற்குக் கீழே என் பேர், நான் கோணலாகப் போட்ட கையெழுத்து, தங்கை என்ற உறவு, எல்லாம் இருக்கிறது. படித்தார். என்னை ஒருமுறை பார்த்தார். காகிதத்தை மூடி என் கையில் கொடுத்தார். "நன்றாகப் பழகிவிட்டு அடுத்த வாரம் வாருங்கள்" என்றார். இறங்கிப் போய், சாய்ந்த டிரம்மைத் தானே நிமிர்த்தி வைத்தார்.

கை பிரேக்கில் ஓட்டிப் பழகியவள் என்று தெரிந்தால் காரைப் பாஸ் பண்ணாமல் திருப்பி அனுப்பிவிடுவார் என்ற பயத்தில் சொன்னேன் என்று வீடு வரும் வரைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சந்து முனையில் காரை நிறுத்தியபோது அது பொய் என்று தெரிந்துவிட்டது. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று நீ வெங்காயக் கூடையை இழுத்து வைத்துக்கொண்டு, காலைச் சேலைக்குள் மடித்து மறைத்து, தரையிலேயே உட்கார்ந்திருந்தாய். அவர்கள் கிளம்பும் வரைக்கும் எழுந்திருக்கவே இல்லை. "பெரியவ எந்திரிச்சு வர மாட்டாளா?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டதற்கு, "சமையல் வேலைல இருக்கேன் அத்த" என்று சிரித்தாய். யாரும் உன்னை அப்படி இருக்கச் சொல்லவில்லை. எழுந்து வா என்றும் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவர்கள் போன பிறகு மரத்துப்போன காலைத் தேய்த்துக்கொண்டே, "வெங்காயம் இவ்வளவு அரிஞ்சாச்சு, இப்ப யாரு திங்கது?" என்றாய்.

அன்றைக்கு உன் காலை நீயே மறைத்தாய். மைதானத்தில் உன்னையே நான் மறைத்துவிட்டேன்.

அந்த வாரம் முழுக்க மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டினேன். அவன் திடீர் திடீரென்று "ரோக்கோ!" என்பான். முதலில் கைதான் போகும். "அம்மா, கால்! கால்!" என்று தலையில் அடித்துக்கொள்வான். பிறகு கால் கற்றுக்கொண்டது. மறுபடி போனபோது கார் நின்றது. அதே இன்ஸ்பெக்டர்தான். என்னிடம் எதையும் கேட்கவில்லை. கேட்டால் இந்தத் தடவை சொல்லிவிடலாம் என்று வழியெல்லாம் வார்த்தையை அடுக்கிக்கொண்டு போயிருந்தேன். அவர் கேட்கவே இல்லை. எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

இப்போது புக்கில் என் பேர். சாதாரணக் கார் என்று எழுதியிருக்கிறது. இன்சூரன்ஸும் என் பேருக்கு வந்துவிட்டது. காகிதம் எல்லாம் நீ ஆசைப்படுகிற மாதிரி சுத்தமாக இருக்கிறது. அந்தக் காரில் நீ உட்கார்ந்திருந்தாய் என்று சொல்ல அந்தக் காகிதத்தில் ஒரு எழுத்துகூட இல்லை.

ஆனால் முதல் நாள் மாட்டுங்கா கேன்டீன் முன்னால் போய் நின்றதும், உள்ளே இருந்து அந்தப் பெரியவர் கத்தினார்: "குருவி வண்டி வந்தாச்சு, டப்பாவ இறக்குங்கலே!" உன் பேர் அவர் வாயில் எவ்வளவு சுலபமாக வருகிறது. நான் காரை விட்டு இறங்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இடது கை அப்போதும் ஸ்டியரிங் பக்கத்தில், கைப்பிடி இருந்த இடத்தில்தான் இருந்தது. கால் கற்றுக்கொண்ட பிறகும் கை அங்கே போகிறது. ஒவ்வொரு சிக்னலிலும் போகிறது. அதை மட்டும் நான் நிறுத்தப் பார்க்கவில்லை.

நேற்று மிஸ்திரி போன் செய்தார். சுனாபட்டியில் ஒரு பெண் இருக்கிறாளாம். உன்னை மாதிரியே வலது கால். பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறாளாம். "அக்காவோட கைப்பிடி சும்மாதான இருக்கு, குடுத்திருதீங்களா? நான் மாட்டிக் குடுத்தாலும் அந்தப் பிள்ளையும் மைதானத்துல போயிக் காட்டித்தான் ஆகணும்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். கொடுக்க மனசில்லாமல் இல்லை. அவள் வருவாள். துணியைப் பிரிப்பாள். ரப்பர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருப்பதைப் பார்ப்பாள். கட்டாயம் கேட்பாள்.

யாருது இது என்று அவள் கேட்கும்போது, குருவியக்கா, இந்தத் தடவையாவது என் வாய் உன் பேரைச் சொல்லுமா?