வகுப்பில் ஆறு பேர்

செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் மகளும் இங்கே நன்றாக இருக்கிறோம். நீயும் உன் கப்பல் எஞ்சினும் சண்டை போடாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இடது காது எப்படி இருக்கிறது? போன முறை போனில் நான் என்ன சொன்னாலும் "சரிக்கா, சரிக்கா" என்றாய். சந்தேகம் வந்து, "கப்பலை வித்துட்டு வந்துடு" என்று சொல்லிப் பார்த்தேன். அதற்கும் சரிக்கா! அதனால்தான் இந்தத் தடவை போனை நம்பாமல் கப்பல் ஏஜெண்ட் மூலமாகக் கடிதம் அனுப்புகிறேன். எஞ்சின் அறைக்குள் போகும்போது காதுக்குக் கொடுத்திருப்பதை மாட்டிக்கொள். வியர்க்கிறது என்று கழற்றி வைக்காதே.

வீட்டில் சமையலறைக் குழாய் ஒழுகி ஒரு வாரம் பாடாய்ப் படுத்தியது. ரிப்பேர் பார்த்தவர் கேட்ட கூலி அதிகம் என்று நான் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். உன் மகள், நம் ஜட்ஜம்மா, சும்மா இருப்பாளா? நாலு வயதில் உனக்கும் எனக்கும் நடுவில் நின்றுகொண்டு தீர்ப்புச் சொன்னபோது வைத்த பெயர், இப்போது கல்லூரியிலும் அதுவே ஆகிவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கம் உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிட்டாள்.

இது நான் கல்லூரியில் கொண்டுவந்த பழக்கம்தான். நாற்காலி மாறுவது என்று பெயர். இரண்டு பேர் வாதாடினால் பாதியில் இடம் மாறி உட்கார வேண்டும். எதிராளியின் பக்கத்தை அவருக்காகப் பேச வேண்டும். "ஆமாம், நான் சொல்ல வந்தது இதுதான்" என்று அவர் வாயாலேயே ஒத்துக்கொள்ளும்வரை எழுந்திருக்கக் கூடாது. உன் மகள் பேசி முடித்தபோது குழாய்க்காரர் கண் கலங்கிவிட்டார். நான் அவர் கேட்டதற்கு மேலேயே கொடுத்தேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்ட கல்லூரி முதல்வர் நானாகத்தான் இருப்பேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வியாழக்கிழமை ஆய்வுக் குழுவினர் கல்லூரிக்கு வந்தார்கள். தத்துவத் துறை தொடரலாமா, இழுத்து மூடலாமா என்று அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு வகுப்பில் பதினைந்து பேராவது இருக்க வேண்டும் என்பது புது விதி. தத்துவத்தை மூடினால் அடுத்தது வரலாறு, அதற்கடுத்தது இலக்கியம். அப்புறம் எங்கள் கல்லூரிக்கும் தட்டச்சுப் பயிற்சி நிலையத்துக்கும் வித்தியாசம் இருக்காது.

அவர்கள் வந்திருந்தபோது வகுப்பில் எத்தனை பேர் என்பது பற்றி உன் மகள் பதற்றத்தில் ஏதோ மாற்றிச் சொல்லிவிட்டாள். பெரிதாக ஒன்றுமில்லை, சின்னக் குழப்பம். அதைச் சரிசெய்ய எங்கள் கல்லூரி அறக்கட்டளைச் செயலாளர் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார். அவள் தவறுதலாகச் சொல்லிவிட்டதாகப் பெற்றோர் எழுதிக் கொடுக்கும் படிவம். அது வந்து சேர்ந்தால் குழு விஷயத்தை அத்தோடு விட்டுவிடும், அவள் மேலும் நடவடிக்கை இருக்காது. படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னப் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். முகவரி எழுதிய உறையும் இருக்கிறது. துறைமுகத்தில் இறங்கியதும் போட்டுவிடு.

இதைப் பற்றி அவளிடம் போனில் எதுவும் கேட்க வேண்டாம். பரீட்சை நேரம், மனது கலைந்துவிடும். அவள் அம்மா போன நாளிலிருந்து அவளை எப்படிப் பார்த்துக்கொள்கிறேன் என்று உனக்குத் தெரியும். எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன். நீ கையெழுத்தை மட்டும் போடு.

அன்புடன்,
அக்கா


சனிக்கிழமை

தம்பி,

உறையின் மேல் சிவப்பு மையில் "இதை முதலில் பிரி" என்று எழுதியிருக்கிறேன். அதைப் பார்த்து இதைத்தான் முதலில் பிரித்திருக்கிறாய் என்று வேண்டிக்கொள்கிறேன். செவ்வாய்க்கிழமை எழுதியதைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று காலையில் ஏஜெண்ட் அலுவலகத்துக்கு ஓடினேன். தபால் பையைப் புதன்கிழமையே சீல் வைத்து அனுப்பிவிட்டார்கள். இரண்டு கடிதமும் ஒரே துறைமுகத்தில்தான் உன் கைக்கு வரும் என்றார் அங்கிருந்த குமாஸ்தா. எது மேலே இருக்கும் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடாதே. போட்டுவிட்டிருந்தால் தபாலில் சேர்க்காதே. முதலில் இதை முழுக்கப் படி.

போன கடிதத்தில் பூசி மெழுகியிருந்தேன். உன் மகள் எதையும் மாற்றிச் சொல்லவில்லை. அவளுடைய தத்துவ வகுப்பில் படிப்பவர்கள் ஆறே பேர். குழு வந்த அன்று அந்த அறையில் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். மீதி ஒன்பது பேர் வணிகவியல் மாணவர்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து உட்கார வைத்தது நான். செயலாளர் சொல்லிச் செய்யவில்லை, யாரும் சொல்லவில்லை. முந்தின நாள் மதியம் என் அறையில் உட்கார்ந்து நானே பெயர் எழுதி, நானே ஆள் அனுப்பிக் கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு தத்துவப் புத்தகமும் கையில் கொடுத்தேன். ஒரு பையன் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தான். அதையும் நானே திருப்பி வைத்தேன்.

குழுவில் வந்த அம்மாள் ரொம்ப மரியாதையானவர். எதையும் தோண்டித் துருவிக் கேட்கவில்லை. கிளம்புகிற நேரத்தில் முதல் வரிசையில் இருந்த உன் மகளைப் பார்த்துச் சிரித்து, "இந்த வகுப்புல நீங்க எத்தனை பேரும்மா?" என்று கேட்டார். பேச்சுக்குக் கேட்டதுதான். எதிரே பதினைந்து தலைகள் இருக்கின்றன, எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். நான் வாசலில் நின்றிருந்தேன். உன் மகள் எழுந்து நின்றாள். என்னைப் பார்த்தாள். மூன்று விநாடி இருக்கும். பிறகு அந்த அம்மாளைப் பார்த்து, "ஆறு பேர்" என்றாள்.

அன்று சாயங்காலம் அவளை என்னவெல்லாம் திட்டினேன் என்பதை எழுத எனக்குக் கை வரவில்லை. உன்னால்தான் இந்தத் துறை அழியப்போகிறது என்றேன். மறுநாள் செயலாளர் படிவத்தோடு வந்தார். அவரும் கெட்டவர் இல்லை, இந்தக் கல்லூரிக்காக வீடு வீடாகப் போய் நன்கொடைக்குக் கை நீட்டியவர். ஆனால் படிவம் வராவிட்டால் கல்லூரிக்கு அவப்பெயர் உண்டாக்கியதாக அவளை நீக்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார். நான் அவளிடம் நீட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, "இது பொய் அத்தை" என்று திருப்பிக் கொடுத்தாள். பெற்றோர் கையெழுத்து இருந்தால் போதும், பெண் போடாவிட்டால் பரவாயில்லை என்றார் செயலாளர். அப்போது என் மனதில் என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா, தம்பி போட்டுவிடுவான் என்று தோன்றியது.

அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த வருடம் நீ பத்தாவது படித்துக்கொண்டிருந்தாய். இரண்டு பேரையும் படிக்க வைக்க முடியாது என்று அப்பா கையை விரித்தார். நீ ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறேன் என்றாய். பள்ளியிலிருந்து விலகல் சான்றிதழ் வாங்குவதற்கான படிவத்தை நிரப்பியது நான். பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு, "இங்க கையெழுத்துப் போடுடா" என்று நீட்டியதும் நான். என்ன காகிதம் என்றுகூட நீ கேட்கவில்லை. கிரீஸ் கையைச் சட்டையில் துடைத்துக்கொள்கிற வேலைக்கு நீ போனாய். நான் தத்துவம் படித்தேன். முப்பத்தொரு வருடம் ஆகிறது, ஒரு நாளும் நீ சொல்லிக்காட்டியதில்லை. செவ்வாய்க்கிழமை அதே பென்சில் குறியை மறுபடியும் போட்டு உனக்கு அனுப்பியிருக்கிறேன்.

புதன்கிழமை காலை டீ போட்டுக்கொண்டிருந்தேன். ஐந்து நாளாக என்னோடு சரியாகப் பேசாதவள் வந்து, சமையலறையில் இரண்டு நாற்காலியை எதிரெதிரே போட்டாள். "அத்தை, மாறி உட்காரலாமா?" என்றாள். விளையாடுகிற நேரமா இது என்று கத்த வாயெடுத்தேன். ஆனால் பழக்கத்தைக் கொண்டுவந்தவளே நான் ஆயிற்றே, உட்கார்ந்தேன்.

என் பக்கத்தை அவள் பேசினாள். ஒரு பொய் சொன்னால் ஆறு பேருக்கு வகுப்பு இருக்கும், நாலு ஆசிரியர்களுக்கு வேலை இருக்கும், உண்மையைச் சொல்லி யாருக்கு என்ன மிஞ்சப்போகிறது என்று கேட்டாள். விதியைப் போட்டவர்கள் படிப்பைத் தலை எண்ணி அளக்கிறார்கள், அவர்களுக்குத் தலைகளைக் காட்டினால் என்ன தப்பு என்றாள். இதெல்லாம் நான் அவளைத் திட்டும்போது சொன்னவைதான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "என் தம்பி தன் படிப்ப விட்டுக்குடுத்து வாங்கிக் குடுத்த படிப்பு இது. இதை மூடறது என் கையால நடக்கக் கூடாது" என்றாள். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை தம்பி. எனக்கு நானே சொல்லிக்கொண்டதுகூட இல்லை. ஆமாம், நான் சொல்ல வந்தது இதுதான் என்றேன். விதிப்படி சொல்லித்தானே ஆக வேண்டும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

பிறகு என் முறை. அவள் பக்கத்தைப் பேச ஆரம்பித்தேன். கற்றுக்கொண்டதன்படி நடந்தேன், கல்லூரி என்னை அப்படித்தான் வளர்த்தது, உண்மைக்கு முன்னால் அத்தையாவது மாமனாவது என்று நன்றாகவே பேசினேன். பட்டமளிப்பு விழாவில் பேசினால் கைதட்டியிருப்பார்கள். அவள் தலையை ஆட்டினாள். இது இல்லை என்றாள். மறுபடியும் பேசினேன். இதுவும் இல்லை என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது, அப்படியென்றால் நீயே சொல்லித் தொலை என்றேன்.

"எனக்குப் பயமா இருந்துச்சு அத்தை, அதை நீங்க சொல்லவே இல்ல. ஆறுன்னு சொன்னா வீட்ட விட்டு அனுப்பிடுவீங்களோன்னு நெனச்சேன். அப்பா கப்பல்ல இருக்காரு, நான் எங்க போவேன்னு நெனச்சேன்" என்றாள்.

வாசலில் நின்ற என் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த மூன்று விநாடியும் அவள் இதைத்தான் யோசித்திருக்கிறாள். யோசித்துவிட்டு ஆறு என்று சொல்லியிருக்கிறாள். நான் இருபத்து மூன்று வருடமாக வகுப்பெடுக்கிறேன். அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து அவளுக்காகப் பேசியும் அது எனக்குத் தெரியவில்லை. அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். டீ பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.

நேற்று, வெள்ளிக்கிழமை, குழுவுக்கு என் கைப்பட எழுதிச் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். வகுப்பில் ஆறு பேர்தான், ஒன்பது பேரை உட்கார வைத்தது முதல்வராகிய நான் என்று எழுதினேன். செயலாளர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாதக் கடைசிக்குள் நான் விலக வேண்டியிருக்கும். முதல்வர் வீட்டையும் காலி செய்ய வேண்டும். துறை நிற்குமா என்று தெரியவில்லை, நிற்காது என்றுதான் நினைக்கிறேன். அந்த நாலு ஆசிரியர்களின் முகத்தை இன்னும் நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. நல்லது செய்தேன் என்று மார்தட்ட ஒன்றுமில்லை.

ஆனால் ஒன்று பாக்கி இருக்கிறது, அது உன் கையில் இருக்கிறது. செயலாளர் என் கடிதத்தைக் குழுவுக்கு அனுப்பாமல் மேஜையில் வைத்துக்கொண்டிருக்கிறார். தம்பி மகளைக் காப்பாற்ற அத்தை பழியை ஏற்றுக்கொள்கிறாள் என்கிறார். அப்பாவே கையெழுத்துப் போட்ட படிவம் வந்தால் அதைத்தான் எல்லோரும் நம்புவார்கள். அப்போது என் கடிதம் வெறும் பாசமாகிவிடும், உன் மகள் பொய் சொன்னவளாகிவிடுவாள். இருபது நாளைக்குள் படிவம் வராவிட்டால் கடிதத்தை அனுப்புவதாக எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்.

அவளை இங்கே சேர்த்தபோது, இந்தப் படிப்பைப் படித்து என்னக்கா செய்வாள் என்று நீ கேட்டாய். எனக்குப் பதில் தெரியவில்லை. கல்லூரி விளம்பரத் தாளில் அச்சடித்திருந்ததைப் படித்துக் காட்டினேன். நீ அதற்கும் சரிக்கா என்றாய். இப்போதும் அவளுக்கு என்ன வேலை கிடைக்கும் என்று எனக்குத் தெரியாது. நீ கோபப்பட்டு அவளை வேறு எங்காவது சேர்க்கிறேன் என்றாலும் நான் குறுக்கே நிற்கமாட்டேன். முடிவெடுப்பதற்கு முன்னால் அவளிடம் ஒரு தடவை பேசு. காது கேட்காவிட்டால் திரும்பத் திரும்பக் கேள். அவள் பொறுமையாகச் சொல்வாள்.

நீ எந்தக் கடலில் இருந்தாலும் சுகமாக இருக்க வேண்டும். கை கால் பத்திரம். அக்காவை மன்னிப்பதை அவசரமில்லாமல் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

படிவத்தைக் கிழித்துப் போட்டுவிடாதே. திருப்பிப் பார், பின்பக்கம் வெறும் தாள்தான். அதில் உன் மகளுக்கு உன் கையால் நாலு வரி எழுதி, இந்த வீட்டு முகவரிக்கு அனுப்பு; காலி செய்திருந்தாலும் தபால்காரர் எங்களிடம் சேர்த்துவிடுவார். எங்கே என்ன எழுத வேண்டும் என்று என்னைக் கேட்காதே. அந்தப் பக்கத்தில் நான் குறி எதுவும் போடவில்லை.

உன்
அக்கா