ஷோகேஸில் தலைகீழாக ஒருவர்

அன்புள்ள வாண்டுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை உன் குரலைக் கேட்டதிலேயே நீ நலம் என்று தெரிந்துகொண்டேன், சளி மட்டும் இன்னும் உன்னை விடவில்லை போலிருக்கிறது. இங்கே நானும் அப்பாவும் நலம், அவருடைய முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போனது மாதிரி யார் பேச்சையும் கேட்பதில்லை. மாடி வீட்டு அத்தை உன்னை விசாரித்தாள், பிள்ளை இளைச்சுட்டானா என்று கேட்டாள், இளைக்கிற வம்சமா நம்முடையது என்றேன். எங்கள் அலுவலகக் கோபுரக் கட்டடத்து விழா எப்படி நடந்தது என்று போனில் கேட்டாயே, அப்பா பக்கத்தில் இருந்ததால் நன்றாக நடந்தது என்று மட்டும் சொன்னேன். விடும்மா, அந்தச் சேர்மனுக்கும் வயசாயிடுச்சு, மன்னிச்சுட்டா உனக்குத்தான் நிம்மதி என்றாய். நிம்மதி வேறு வழியிலும் வரும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் கட்டடத்தில் உனக்குத் தெரிந்தது கண்ணாடியும் குளிர்காற்றும்தான். மேலே அலுவலகங்கள், கீழே கைக்கடிகாரமும் வாசனைத் திரவியமும் விற்கிற கடைகள். அதற்கு முன்னால் அங்கே ஒரு தெரு இருந்தது. அழகான தெரு ஒன்றுமில்லை, சாக்கடை நாறும், நான் அதற்காக ஏங்கவும் இல்லை, ஆனால் அது எங்களுடையது. தையற்கடை, சைக்கிள் கடை, செருப்புக் கடை, முனையில் உன் தாத்தாவின் போட்டோ ஸ்டுடியோ. தாத்தாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. தெருவில் யாராவது சொன்ன வாக்கை மீறினால் திட்ட மாட்டார், சண்டைக்குப் போக மாட்டார், அந்த ஆளின் படத்தை வாசல் ஷோகேஸில் தலைகீழாக மாட்டிவிடுவார். தப்பைச் சரிசெய்தால் அன்றைக்கே படம் நேராகிவிடும். ஒரு தடவை தையற்காரர் தொங்கியபோது அவர் மனைவியே வந்து, அண்ணே, அவரைக் கொஞ்சம் நிமித்தி விடுங்க, வெட்கத்துல வெளியவே வர மாட்டேங்கறார், வீட்டுல என் உயிரை வாங்கறார் என்று கெஞ்சினாள்.

கட்டடத்தின் இன்றைய சேர்மன் அப்போது இடத் தரகர். கடை கடையாக ஏறி, அண்ணே, அக்கா என்று உறவு கொண்டாடி, கட்டடம் எழும்பட்டும், கீழ்த்தளத்துல முதல் கடைங்க எல்லாம் உங்களுக்குத்தான், என் பேச்சை நம்புங்க என்றார். தாத்தாவிடம் ஒரு படமும் எடுத்துக்கொண்டார். போட்டிருந்த கோட்டு ஸ்டுடியோவுடையது, வருகிறவர்களுக்கெல்லாம் தாத்தா மாட்டிவிடுவாரே, அதுதான். மற்றவர்கள் நம்பிக் காலி செய்தார்கள். பிறகு போய்க் கேட்டால், கடை தரேன்னு எழுத்துல எங்கே இருக்கு, காட்டுங்க என்றார். அன்று மாலையே அவர் ஷோகேஸில் தலைகீழானார். போகிற வருகிறவர்களெல்லாம் நின்று சிரித்தார்கள், பள்ளிப் பிள்ளைகள் அவரைத் தலைகீழ் என்றே கூப்பிட்டார்கள். சிரிப்பை அவரால் தாங்க முடியவில்லை. முதலில் ஸ்டுடியோவுக்கு மின்சாரம் போனது, அப்புறம் வாசலை ஒட்டிப் பள்ளம் தோண்டினார்கள், வாடிக்கைக்காரர்கள் தாண்டி வர முடியவில்லை, கடைசியில் ஷோகேஸை உடைத்தார்கள். இது உடையும் என்று தெரிந்து தாத்தா அதற்கு முன்பே அந்த ஷோகேஸை அப்படியே ஒரு படம் எடுத்து வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு அவர் வேறொருவர் ஸ்டுடியோவில் லைட் பிடித்தார். கட்டடம் திறந்த பிறகு ஒருமுறை போனாராம், காவல்காரன் அவர் செருப்பைப் பார்த்துவிட்டு, யாரைப் பாக்கணும் பெரியவரே என்று கேட்டானாம். என் கடையைப் பாக்கணும் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியபோது அவர் முதுகு இருந்த விதத்தை நான் இன்னும் மறக்கவில்லை. விதியைப் பார், என் அலுவலகமும் அதே கோபுரத்துக்குத்தான் மாறியது. தினமும் லிஃப்டில் ஏறும்போது தாத்தாவின் இருட்டறைக்குள்ளிருந்து என்னை யாரோ மேலே தூக்கிக்கொண்டு போவது போலிருக்கும், மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.

விழாவுக்காகக் கட்டடத்தின் வரலாற்றைக் காட்சியாக வைக்கப்போவதாகச் சொல்லி, விளம்பரப் பிரிவிலிருந்து உன் வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். ஆன்ட்டி, பழைய தெருப் படமெல்லாம் உங்ககிட்ட இருக்காமே என்றாள். நல்ல பெண், அவள் மேல் எனக்குக் கோபமில்லை. எல்லாப் படங்களையும் கொடுத்தேன். ஷோகேஸில் இருந்தபடியே வைக்க வேண்டும், எதையும் மாற்றக்கூடாது என்று ஒரே நிபந்தனை, அதையும் எழுத்தில் வாங்கிக்கொண்டேன். யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயந்துகொண்டுதான் இருந்தேன். ஆனால் தலை நிறைய முடியும் ஒட்டிய கன்னமுமாக இருந்த அந்த ஆளை அங்கே ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. அலங்காரம் செய்ய வந்தவன் ஷோகேஸ் படத்தைப் பார்த்துக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டான். ஒரே ஒரு ஆளை மட்டும் கவுத்து வெச்சிருக்கார் பாருங்க, அந்தக் காலத்துலயே என்ன ஒரு கான்செப்ட் என்றான். அதிலிருந்து அந்த ஒரு ஆளை மட்டும் தனியாக எடுத்து மாடி உயரத்துக்குப் பெரிதாக்கி, எஸ்கலேட்டர் பக்கத்தில், தலைகீழாகவே தொங்கவிட்டான்.

திரை விலகியதும் எல்லாரும் கைதட்டினார்கள். சேர்மனும் தட்டினார். முதலில் கோட்டைத்தான் பார்த்திருப்பார். தலையைச் சாய்த்தார், இன்னும் சாய்த்தார், கை அந்தரத்தில் நின்றுவிட்டது. சார், இவர் யாருன்னு தெரியல, தெருவாசி யாரோ என்று அந்தப் பெண் விளக்கினாள். இதை நேரா மாட்டக்கூடாதா என்று கேட்டார். ஐயோ சார், நேரா மாட்டினா அர்த்தமே போயிடும் என்றான் அலங்காரக்காரன். அது நான்தான் என்று அவரால் எப்படிச் சொல்ல முடியும். அப்போதுதான் என்னைப் பார்த்தார். தடியை ஊன்றி வந்து, நீங்க ஸ்டுடியோக்காரர் பொண்ணா என்றார். ஆமாங்க, அப்பா உங்களை நிமித்தறதுக்குக் கடைசிவரைக்கும் தயாராத்தான் இருந்தார், நீங்கதான் வரல என்றேன். பாவமாக இல்லையா என்று நீ கேட்பாய். எனக்குள் கொஞ்சம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

நேற்று அவருடைய செயலாளர் கூப்பிட்டார். படத்தை இறக்க நீங்க சம்மதிக்கணும், பதிலுக்கு என்ன வேணும்னாலும் ஐயாகிட்ட கேளுங்க என்றார். எனக்கு ஒன்றும் வேண்டாம், தையற்காரரும் சைக்கிள் கடைக்காரரும் உயிரோடுதான் இருக்கிறார்கள், ஐயா அவர்கள் வீட்டு வாசலில் போய் நிற்கட்டும், அவர்கள் போதும் என்றால் நானே வந்து நிமிர்த்துகிறேன் என்றேன். இதுவரை பதில் இல்லை. எனக்கு அவசரமும் இல்லை. இப்போதெல்லாம் நான் லிஃப்டில் ஏறுவதில்லை, முடிந்தவரை எஸ்கலேட்டரில்தான் போகிறேன், அவரைப் பார்த்துக்கொண்டே.

வெந்நீர் குடி, ஈரத்தலையோடு வெளியே போகாதே, நீ வேலை செய்யும் கட்டடத்தின் இடத்தில் முன்பு யார் இருந்தார்கள் என்று ஒருநாள் விசாரித்துப் பார். நோய் நொடியில்லாமல், சொன்ன சொல் மாறாதவனாக நீ நீடூழி வாழ வேண்டும். கூடத்தில் மாட்ட உன் படம் ஒன்று அனுப்பு, மறந்துவிடாதே. வாராவாரம் போன் பண்ணுகிறேன் என்று சொல்லியிருக்கிறாய், அதனால் இப்போதைக்கு நேராகத்தான் மாட்டுவேன்.

என்றும் உன் நினைவாக,
அம்மா