நாளை சர்வேயர் கேட்டால்

வியாழன், இரவு பதினொன்றேகால்

காரைப் பார்க்க இன்சூரன்ஸ் சர்வேயர் நாளைக் காலை வீட்டுக்கே வருகிறார். போன வாரம் முத்தாபுதுப்பேட்டை ரோட்டில் திரும்புவதற்காக நான் காரை நிறுத்தியிருந்தபோது, டெம்போ ஒன்று பின்னால் வந்து இடித்தது. தப்பு முழுக்க டெம்போக்காரனுடையது. ஆனால் என்னிடம் லைசென்ஸ் இல்லை. தான் ஓட்டியதாக என் கணவர் படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அரசாங்க வேலையில் இருப்பவர். மாட்டினால்...

மகள் மித்ராவுக்கு நான்கு வயது. யார் வந்தாலும் இடித்த கதையைச் சொல்லுவாள். அதனால் சாப்பிட்டதும் இவர் அவளை மடியில் வைத்துப் பாடம் நடத்தினார்.

"வண்டிய யாரு ஓட்னா, குட்டி?"

"அம்மா!"

"இல்லடா, அப்பா. எங்க, சொல்லு."

"நீதான் அன்னிக்கி வரவே இல்லியே. பொய் சொல்றியாப்பா?"

இவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏழெட்டு முறைக்குப் பிறகு "அப்பா" என்று சரியாகச் சொன்னாள். சாக்லேட் கிடைத்தது. நான் தடுக்கவில்லை.

தூங்க வைக்கும்போது மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா ஓட்னாருன்னா, இடிச்சப்போ நீ எங்கமா இருந்த?"

"பின்சீட்டுல, உன் பக்கத்துல" என்றேன்.

எழுந்து உட்கார்ந்தாள்.

"இல்லியேமா. பின்னாடி நான் மட்டுந்தான அழுதுகினு இருந்தேன்."