உன் முயலும் எங்கள் பிச்சியும்

ஏட்டி,

இன்று காலை ஆய்வகத்தில் பால்பொடிப் பொட்டலத்தைக் கத்தரித்ததும் அந்த இனிப்பு வாடை மூக்கில் ஏறியது. ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமலிருக்கச் சவ்வுத்தாளைப் பால்பொடிக் கரைசலில் ஊறப்போடுவோமே, அந்த வேலைக்குத்தான். நீ இருந்தால் தாளுக்குப் போட்டது போக மிச்சத்தை வாயில் கொட்டிக்கொண்டிருப்பாய். நீ போய் ஒரு வருடமாகிறது. உன்மேல் எனக்கிருந்த பொறாமை மட்டும் போகவில்லை.

எதிலெல்லாம் என்று சொல்ல? பேராசிரியரிடம் பேச நான் இங்கிலீஷை மனப்பாடம் செய்துகொண்டு போவேன். நீ உங்கள் கருங்கல் ஊர்ச் சந்தையில் பேசுவது போலவே பேசி அவரைச் சிரிக்க வைத்துவிட்டு வருவாய். ஆய்வகத்தில் ஊசிபோட நாம் வளர்த்த முயல்களில் என் முயல் என்னைக் கீறும். உன் முயல் உன் மடியில் கண்ணை மூடிக்கொள்ளும். இதற்கெல்லாமா ஒருத்தி பொறாமைப்படுவாள் என்றால், பட்டேன்.

ஆனால் நிஜமாக வயிறெரிந்தது அந்த ஒரு நாள்தான். வாழையைத் தாக்கும் வைரஸை முயலுக்கு ஊசிபோட்டு, அதன் இரத்தத்தில் ஊறிய ஆன்டிபாடியைச் சீரமாகப் பிரித்து எடுத்திருந்தாய். அது வாழை வைரஸின் புரதத்தைப் பிடித்தால் தாளில் கோடு விழும். வேறு வைரஸுக்கு விழாது என்று காட்டுவதற்காக, தோவாளையில் எங்கள் தோட்டத்தில் நோய்பட்ட பிச்சிப்பூச் செடியின் இலையை நான்தான் பறித்துவந்து தந்தேன். பிச்சியிலும் கோடு விழுந்தது.

“சவத்தத் தூரப் போடுட்டி. ஒன் சீரம் கெட்டுப்போச்சு” என்றேன். உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ச்சிதான்.

நீ தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாய். “கெடல மக்கா, நல்லோணம் பாரு. ரெண்டும் சொந்தக்காரங்களாக்கும். ரெண்டுக்கும் ஒரே மாதிரி புரதம் உண்டு, அதத்தான் பிடிச்சிருக்கு.”

நோயில்லாத பிச்சியில் கோடு விழவில்லை. ஊசி போடும் முன் அதே முயலிடம் எடுத்திருந்த இரத்தத்தை வைத்துப் பார்த்தபோதும் விழவில்லை. ஆனால் சேம்பங்கிழங்குச் செடியில் வருகிற வைரஸுக்கும் விழுந்தது. வெவ்வேறு செடியில் இருந்த மூன்று வைரஸ்களும் ஒரே குடும்பம் என்று உன் முயல் சொல்லிவிட்டது. எங்கள் பிச்சி, நான் பறித்த இலை, என் கண்ணுக்கு முன்னால் விழுந்த கோடு. கண்டது நீ!

கட்டுரையில் என் பெயரை உன் பெயருக்கு அடுத்துப் போட்டாய். “இல கொண்டு வந்தது யாரு, நீதானட்டி” என்றாய். அந்தத் தாராளம் இருக்கிறதே, அதைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை.

உன் அடக்கத்தன்று சபைக் கோவிலில் நிற்க இடமில்லை. பேராசிரியர் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். நானும் அழுதேன். எனக்கு இவர் இப்படி அழுவாரா என்றும் அங்கேயே நின்று யோசித்தேன்.

இப்போது கேள். பாகற்கொடியில் வருகிற வைரஸை நீ எத்தனையோ தடவை பார்த்தாய். உன் ஆன்டிபாடி அதில் ஒன்றையும் பிடிக்கவில்லை. “இது நம்ம குடும்பம் இல்ல போல” என்று விட்டுவிட்டாய். பிச்சி வைரஸை என் முயலுக்கு ஊசிபோட்டு நான் எடுத்த ஆன்டிபாடியை இன்று அந்தப் பாகல் இலைச்சாற்றில் போட்டுப் பார்த்தேன். மத்தியானம் தாளைக் கழுவி எடுத்தால் கோடு! நோயில்லாத பாகலில் சுத்தமாக ஒன்றுமில்லை. அதே குடும்பம்தான். நீ விட்டதை என் முயல் பிடித்துவிட்டது.

தாளைத் தூக்கிக்கொண்டு உன் மேசைப் பக்கம் திரும்பிவிட்டேன். இத்தனை வருடமும் எனக்கு ஒரே ஆசைதான். ஒருநாளாவது என் கோட்டைப் பார்த்து உன் முகம் சுண்ட வேண்டும். உன் இடத்தில் இப்போது உட்காரும் பெண் “சூப்பர் மேடம்” என்று கைதட்டினாள். பாவம், நல்ல பிள்ளை. அவள் சந்தோஷப்பட்டு எனக்கு என்ன ஆகப்போகிறது?

ஜெயித்துவிட்டேன் ஏட்டி. வயிறெரிய ஆளில்லாமல், அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.