இரண்டு பிரதமர்கள் இறம்பொடை வழியாகப் போன நாள்

என் பிரியமுள்ள காசிம் நானாவுக்கு,

நீங்கள் மௌத்தாகி இரண்டு மழைக்காலம் போய்விட்டது. இறம்பொடை வளைவில் உங்கள் கடை இன்னும் திறந்துதான் இருக்கிறது. மகள் ஜெமீலா கல்லாவில் உட்காருகிறாள். கடனுக்குக் கேட்டால் உங்களைப் போலவே முறைக்கிறாள், பிறகு உங்களைப் போலவே கொடுத்துவிடுகிறாள்.

இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. சொல்வதற்கு முன்னால், அந்த நாளை உங்களோடு ஒருமுறை நினைத்துப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்த கையோடு தேயிலைத் தோட்டத்தில் எங்களுடைய ஓட்டு போனது. இந்த நாடு எங்களை இந்தியாக்காரன் என்றது. இந்தியாவோ எங்களை இந்த நாட்டுக்காரன் என்றது. இந்தியக் கடலோரத்து ஊரிலிருந்து வியாபாரத்துக்கு வந்த உங்களுக்கும் அதே கதிதான். அப்போதுதான் இரண்டு நாட்டுப் பிரதமர்களும் கொழும்பில் எங்களைப் பற்றிப் பேசுகிறார்கள், அடுத்து நுவரெலியாவுக்கு வருகிறார்கள் என்று உங்கள் கடை ரேடியோ சொன்னது. லயத்து வரிசை வீடுகளின் சனம் முழுக்க உங்கள் வாசலில் நின்றது.

ரோட்டில் தோரண வளைவு கட்டுவது என்று முடிவானது. கட்டியதும் எனக்கும் என் மச்சான் வீரையாவுக்கும் சண்டை வந்தது, ஞாபகம் இருக்கிறதா?

"வர்றது நம்ம தலைவரு. நம்ம கொடி மட்டும் போதும்" என்றான் அவன், இந்தியக் கொடியைக் காட்டி.

"எதுடா நம்ம கொடி? நான் பொறந்தது இந்த லயத்துல. இந்த நாட்டுச் சிங்கக் கொடியக் கட்டலைன்னா, பாரு, இவங்க அந்த நாட்டு ஆளுங்கதான்னு சொல்லிருவாங்க" என்றேன் நான்.

அவன் என் சட்டையைப் பிடித்தான். நான் அவன் தலைப்பாகையைத் தட்டிவிட்டேன். நீங்கள் கல்லாவிலிருந்து எழுந்து வந்தீர்கள்.

"ரெண்டு பேரும் உக்காருங்க. ஆளுக்கொரு சாயத்தண்ணி குடிங்க. குடிச்சு முடிக்கிற வரைக்கும் ஒருத்தனும் வாயத் தொறக்கக் கூடாது."

பாலில்லாத அந்தத் தேநீரைக் குடித்து முடித்தபோது எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் கடையிலிருந்து துணி கிழித்துக் கொடுத்தீர்கள். இரண்டு கொடியும் ஒரே உயரத்தில் ஏறின. ஒரு விரல்கடை கூட வித்தியாசமில்லை என்று வீரையா நூல் பிடித்துப் பார்த்த பிறகுதான் இறங்கினான்.

மறுநாள் பனிமூட்டம். பக்கத்தில் நிற்பவன் முகமே தெரியவில்லை. சனம் மாலையும் கையுமாக நிற்க, வண்டிகள் சர்ரென்று போய்விட்டன. ஒரு ஜன்னலில் வெள்ளைச் சட்டைக் கை ஒன்று அசைந்ததை மட்டும் பார்த்தோம். அது விருந்தாளியின் கை என்று வீரையா இன்றைக்கும் சத்தியம் செய்கிறான். எங்கள் பிரதமரின் கை என்று நானும் விடுவதில்லை.

எல்லோரும் முகம் தொங்கி நின்றபோது, கடைசி வண்டி ஏற்றத்தில் சூடேறிப் புகை கக்கியபடி உங்கள் கடை வாசலில் நின்றது. இரண்டு அதிகாரிகள் இறங்கினார்கள். ஒருவர் இந்தியாவிலிருந்து வந்த தமிழர், மற்றவர் நம் அரசாங்கத்துச் சிங்களவர். நீங்கள் வண்டிக்குத் தண்ணீரும் அவர்களுக்கு இஞ்சி போட்ட சாயத்தண்ணியும் கொடுத்தீர்கள். இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஊதி ஊதிக் குடித்தார்கள்.

அப்போதுதான் என் பெண்சாதி ராக்கு முன்னால் வந்தாள். கொழுந்துக் கூடை முதுகிலேயே இருந்தது.

"ஐயா, எங்களப் பத்தித்தான் பேசுறாங்களாம். சந்தோசம். பேசி முடிச்சதும் அத எங்களுக்கு யாரு வந்து சொல்லுவாங்க?"

நீங்கள் அதை அப்படியே சிங்களத்தில் சொன்னீர்கள். தமிழ் அதிகாரி கோப்பையைப் பார்த்தார். சிங்கள அதிகாரி கோப்பையைப் பெஞ்சில் வைத்தார். பிறகு, நாளை இறங்கி வரும்போது தானே நிறுத்திச் சொல்வதாகச் சொன்னார். பெரிய மனிதர் வாக்கு, ரோட்டோடு போய்விடும் என்றுதான் நான் நினைத்தேன்.

ஆனால் அவர் நிறுத்தினார், நானா! வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, ராக்கு எங்கே என்று கேட்டார். லயத்திலிருந்து அவளை ஓட ஓடக் கூட்டி வந்தோம். முடிவு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் மறுபடியும் உட்கார்ந்து பேச இரண்டு பிரதமர்களும் சம்மதித்திருக்கிறார்கள் என்றார்.

"இதுக்குத்தானா இவ்வளவு தடபுடல்?" என்று வீரையா தலையில் கை வைத்தான்.

நீங்கள் உள்ளே போய் ஒரு தட்டு நிறையத் தொதல் எடுத்து வந்தீர்கள். "பேச்சு முறியலைல்ல? கோவிச்சுக்கிட்டு யாரும் எந்திரிச்சுப் போகலைல்ல? அப்ப வாய இனிப்பாக்குங்கப்பா" என்று முதல் துண்டை அந்த அதிகாரிக்கே கொடுத்தீர்கள். அவர் "ஹொந்தய், ஹொந்தய்" என்று சிங்களத்தில் பாராட்டிச் சிரித்துக்கொண்டே கையெல்லாம் ஒட்ட ஒட்டத் தின்றார். அன்று லயத்தில் தப்பு அடித்து ஆடினோம். எதற்கு ஆடினோம் என்று யாராவது கேட்டிருந்தால் எங்களால் சொல்லியிருக்க முடியுமா? யாரோ எங்களை ஒரு ஆளாக மதித்து, வண்டியை நிறுத்திப் பதில் சொல்லியிருந்தார். அது போதாதா?

இப்போது காரணத்தைச் சொல்கிறேன். எனக்கும் ராக்குவுக்கும் பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது. ஜெமீலாவுக்கும்தான். இந்தத் தேர்தலில் மூன்று பேரும் ஒன்றாகப் போய் ஓட்டுப் போட்டோம். புள்ளடி போட்டுவிட்டு வெளியே வந்த ராக்கு, தோட்டத்துப் பள்ளிக்கூட வாசல் என்றுகூடப் பாராமல் சத்தம் போட்டுச் சிரித்தாள். ஜெமீலா மட்டும் ஓரமாக நின்று கண்ணைத் துடைத்தாள். "வாப்பா இருந்திருக்கணும் மாமா" என்றாள்.

வீரையாவுக்குக் கிடைக்கவில்லை. தலைவர்கள் மறுபடியும் பேசி, இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே என்று ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். அவன் அந்தப் பக்கம் போகிறேன் என்கிறான். "அங்கயும் தேயிலை இருக்காம்ல, நான் பொழைச்சுக்குவேன்" என்று எங்களைத்தான் தேற்றுகிறான். ராக்கு தன் கூடப் பிறந்தவனை எப்படி அனுப்பி வைப்பாள் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அவன் இப்போதைக்குப் போகமாட்டான். ஜெமீலாவுக்கு ஹட்டனில் மாப்பிள்ளை பார்த்து, ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்ததும் நிக்காஹ் என்று பேசி முடித்தாகிவிட்டது. "அந்தப் புள்ளயக் கட்டிக் குடுக்காம நான் கப்பல்ல கால் வைக்கமாட்டேன்" என்று வீரையா எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டான்.

அதனால் நீங்கள் நிம்மதியாக இருங்கள், நானா. நிக்காஹ் அன்றைக்கு லயமே உங்கள் வாசலில் இருக்கும். வருகிறவர்களை வரவேற்க வீரையா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் நிற்போம். எல்லோரும் சாப்பிட்ட பிறகு, அவனும் நானும் ஒரே சஹன் தட்டில் கை வைப்போம். இது சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் கூடப் பிறக்காத தம்பி, ஜெமீலாவின் மாமன்,
முத்தையா
இறம்பொடை